மாமா சுற்றிய கரண்டுப் பெட்டி

எனக்கு ஒன்பது வயது நடந்தபோது என் வலது பாதம் என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. வலி ஒன்றும் இல்லை. கிள்ளினால்கூட ஓரளவு தெரிந்தது. ஆனால் மேலே தூக்கலாம் என்று நினைத்தால், நனைந்த துணி மாதிரி அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். நடந்தால் விரல்கள் தரையில் உரசித் தடுக்கிவிடும் என்பதால், முழங்காலை உயர்த்தி உயர்த்தி வைத்துத்தான் நடப்பேன். மார்க்கையன்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் எனக்குக் கொக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நான் அதற்கு முன்பே வாய் திறக்காத பையன். பெயர் விழுந்த பிறகு, யாராவது எதிரே வந்தால் நடப்பதையே நிறுத்திவிட்டு, எதையோ தேடுகிறவன்போல் குனிந்து நிற்கப் பழகிக்கொண்டேன்.

இதற்கெல்லாம் காரணம் என் தாய்மாமன். அப்படித்தான் அம்மா சொன்னாள். வைக்கோல் ஏற்றிய வண்டியின் உச்சியில் என்னை உட்காரவைத்து ஓட்டிவந்தவர் அவர். வாய்க்கால் திருப்பத்தில் வண்டி சாய்ந்தது. வைக்கோலும் நானும் ஒன்றாக இறங்கினோம். வைக்கோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு விண்டுவிட்டது. கட்டுப் போடுகிறவரை ஓடிப்போய்க் கூட்டிவந்ததும் மாமாதான். மூங்கில் பத்தை வைத்துக் கட்டும்போது, "நல்லா இறுக்கிக் கட்டுங்கண்ணே, பய புரண்டு படுப்பான்" என்று பக்கத்திலிருந்து சொன்னவரும் அவர்தான். அந்த மனிதரும் நல்லா இறுக்கிக் கட்டினார். நாற்பது நாள் கழித்து அவிழ்த்தபோது எலும்பு கூடியிருந்தது. பாதம் தொங்கியது.

அன்றிலிருந்து அம்மா தன் தம்பியோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் ஒரு நாளில் தீர்ந்திருக்கும். அவள் சண்டை போடவில்லை, பேச்சை மட்டும் நிறுத்திக்கொண்டாள். மாமா வீடு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி. தினமும் காலையில் வந்து எங்கள் வாசலில் நிற்பார். அப்பா மலைமேல் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தார், மாதத்துக்கு ஒருமுறைதான் இறங்கி வருவார். அதனால் அக்காளுக்கும் தம்பிக்கும் நடுவில் பேச்சைச் சுமக்கிற வேலை என்னுடையதாயிற்று. மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்போம்.

"ஏலே, ஒங்க ஆத்தாட்ட சொல்லு. சின்னமனூர்ல ஒரு மலையாளத்து டாக்டரம்மா வந்திருக்காக. விளங்காத காலுக்குக் கரண்டு வச்சு எழுப்புறாகளாம்."

"ஏலே, ஒங்க மாமன்ட்ட சொல்லு. கட்டு வச்சு முடக்குனது போதும். கரண்டு வச்சு உசுர எடுக்க வேணாம்."

"ஏலே, செவ்வாக்கெழம வெள்ளன வண்டியப் பூட்டிருவேன்னு சொல்லு."

அம்மா முறத்தை இரண்டு தட்டுத் தட்டினாள். "ஏலே, வண்டியில ஒத்த வைக்கோல் இருக்கக் கூடாதுன்னு சொல்லு."

அம்மா சம்மதித்த விதம் அது.

சின்னமனூர்க் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு ஓட்டு வீடுதான் ஆசுபத்திரி. டாக்டரம்மா உயரமாக இருந்தார், வெள்ளைச் சேலை, தடித்த கண்ணாடி. தமிழை மலையாளத்தில் ஊறவைத்துப் பேசுவார். என் காலைத் தன் மடிமேல் எடுத்து வைத்துக்கொண்டு அழுத்திப் பார்த்தார், ஊசியால் தொட்டுப் பார்த்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்பருகே விரலை வைத்தார்.

"நரம்பு இவ்விடெ எலும்பைச் சுற்றி வருது. கட்டு இதைத்தான் அமுக்கியிருக்கு. செத்துப்போகலை. உறங்குது."

"எப்பம்மா முழிக்கும்?" என்றார் மாமா.

"முழிக்கலாம். முழிக்காமலும் போகலாம். பெட்டி வச்சுப் பார்க்கலாம். முதல் போகம் அறுப்பு வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள பாதம் எழும்பலைன்னா மதுரைக்குப் போய் இரும்புக் கம்பி வச்ச பூட்ஸ் செய்யணும். ஆயுசுக்கும் அதைப் போட்டுத்தான் நடக்கணும்."

"அதப் போட்டுக்கிட்டு வயலுக்குள்ள எறங்க முடியுமாம்மா?"

டாக்டரம்மா என் காலை மடியிலிருந்து மெதுவாக இறக்கி வைத்தார். மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

பெட்டி சிறியதுதான், ஆர்மோனியத்தில் பாதி இருக்கும். மூடியைத் திறந்தால் லாடம்போல் வளைந்த ஒரு காந்த இரும்பு, அதன் முன்னால் செம்புக் கம்பி சுற்றிய இரண்டு உருளைகள். வெளியே ஒரு கைப்பிடி. அதைச் சுற்றினால் உருளைகள் சுழலும், கரண்டு பிறக்கும். உலகச் சண்டைக்காலம் என்பதால் பேட்டரி கிடைப்பதில்லை, ஆகையால் இந்தப் பழைய பெட்டியே நல்லது என்று டாக்டரம்மா சொன்னார். பெட்டியிலிருந்து இரண்டு ஒயர். ஒன்றின் முனையில் இருந்த தகட்டை ஈரத்துணியில் சுற்றி என் தொடைக்கு அடியில் வைத்தார். மற்றதன் முனையில் மரப்பிடி போட்ட சின்ன வட்டம், அதிலும் ஈரத்துணி. அது அவர் கையில் இருந்தது. கைப்பிடியைச் சுற்ற ஒரு ஆள் வேண்டும். கேட்பதற்கு முன்பே மாமா சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"மோனே, நீ ஒண்ணும் செய்யண்டா. காலை விட்டுக்கொடு. பெட்டி செய்யும்" என்றார் டாக்டரம்மா.

முதல் நாள், முதல் சுற்றில் பெட்டி ஒன்றும் செய்யவில்லை. தோலின்மேல் கட்டெறும்பு ஊர்ந்து ஊர்ந்து கடிப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான். பாதம் அசையவில்லை. டாக்டரம்மா குனிந்து என் காலை முகர்ந்து பார்த்தார். புறப்படும் முன் அம்மா பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயைக் காலில் அழுத்தித் தேய்த்து அனுப்பியிருந்தாள். எண்ணெய் இருந்தால் கரண்டு உள்ளே நுழையாது, எண்ணெய் படாத சந்துகளில் மட்டும் புகுந்து சுடும் என்று டாக்டரம்மா சொல்லி, சோப்புப் போட்டுக் கழுவினார். உப்புத் தண்ணீரில் துணியை நனைத்து மறுபடி வைத்தார்.

"ஏலே, இனிமே எண்ணெ தேய்க்கக் கூடாதாம்னு ஒங்க ஆத்தாட்ட சொல்லு" என்று மாமா அன்று மாலை வாசலில் நின்று சொன்னார். தம்பி சொன்ன ஒரே காரணத்தால் அம்மா அடுத்த இரண்டு தடவையும் எண்ணெய் தேய்த்தாள். நான் வழியில் வாய்க்காலில் இறங்கி மண்ணைப் போட்டுக் கழுவிக்கொண்டேன்.

கழுவிய காலில், அந்த முதல் நாளே, ஒரு விஷயம் நடந்தது. டாக்டரம்மா மரப்பிடியை விரல்கடை விரல்கடையாக நகர்த்தித் தேடிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் எறும்புக்கடி போய், உள்ளேயிருந்து யாரோ ஒரு நூலைச் சுண்டுவதுபோல் இருந்தது. முழங்காலுக்குக் கீழே முன்பக்கத் தோலுக்குள் ஒரு பல்லி ஓடியது. என் பாதம் இரண்டு விரல் உயரம் எழுந்து இறங்கியது. நான் தூக்கவில்லை. அது எழுந்தது. எனக்கு அது என் பாதம்போலவே இல்லை.

மாமா அதைப் பார்த்துவிட்டார். இரண்டு விரல் எழுந்தது பத்து விரல் எழட்டும் என்று கைப்பிடியை வேகமாகச் சுற்ற ஆரம்பித்தார். நூல் கயிறாயிற்று. முன்பக்கம் இருந்த இழுப்பு பக்கவாட்டில் பரவி, வளைந்து, ஆடுதசையைப் போய்ப் பிடித்தது. குறக்களி இழுத்ததுபோல் பாதம் வெடுக்கென்று கீழ்நோக்கிக் குத்தியது. விரல்கள் சுருண்டன. நான் கத்தவில்லை, கத்தக் கூச்சம். பல்லைக் கடித்தேன்.

"பாத்தீகளா! எப்படி வெட்டுது பாத்தீகளா!" என்று மாமா கூவினார். வாசலில் மருந்துக்கு நின்றவர்கள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

"ஏம்ப்பா, கை வலிக்காட்டி எனக்கும் இடுப்புல ரெண்டு சுத்துச் சுத்திவிடு" என்றார் அங்கே ஒரு கிழவர்.

"நிறுத்துங்கோ!" என்றார் டாக்டரம்மா. மாமா நிறுத்தினார். முகத்தில் சந்தோஷம் மட்டும் ஓயவில்லை.

டாக்டரம்மா என் காலைத் தொட்டுக் காட்டிச் சொன்னார். பாதத்தை மேலே தூக்குகிற தசை முன்னால் இருக்கிறது, அதுதான் உறங்குகிறது. கீழே இழுக்கிற தசை பின்னால் இருக்கிறது, அதற்கு ஒரு குறையும் இல்லை. "மெதுவாச் சுத்தினா கரண்டு நான் வச்ச இடத்திலே நிக்கும். வேகமாச் சுத்தினா நிக்காது. சதைக்குள்ள பரந்து பின்னால போகும். அங்கே இருக்கிறது பலசாலி. அவன் இழுத்துடுவான். நீங்க பார்த்து சந்தோஷப்பட்டது அவன் ஆட்டத்தை. உறங்குறவன் உறங்கிட்டேதான் இருக்கான்."

மாமா என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "மடையப் பூராத் தொறந்துட்டேன். வரப்புத் தாண்டி அடுத்தவன் வயல்ல போய்ப் பாஞ்சிருச்சு. காஞ்ச வயலு காஞ்சே கெடக்கு" என்றார்.

"அதே" என்றார் டாக்டரம்மா. அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அதன் பிறகு செவ்வாயும் வெள்ளியும் மாமா சுற்றிய சுற்று வேறு. டாக்டரம்மாவின் விரலையே பார்த்தபடி, ஒரு சுற்று மாதிரியே மறு சுற்று, கூடாமல் குறையாமல். நெற்றியில் வேர்வை ஓடும், துடைக்கக் கை எடுக்கமாட்டார். ஒருநாள் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முறையிட்டாள்.

"மதினி, ஒங்க தம்பிக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சு. திருகையில ஒரு தானியம் போடாம, வெறுங்கல்லச் சுத்திக்கிட்டு உக்காந்திருக்காக. என்னன்னு கேட்டா, பழகுறேங்குறாக."

அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பை ஊதினாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறக்கும் முன் டாக்டரம்மா, "மோனே, நீயே தூக்கு பார்க்கலாம்" என்பார். முதல் சில தடவை உயிரைக் கொடுத்து முயன்றேன். மாமா என்னோடு சேர்ந்து தம் பிடிப்பார். வாசலில் நிற்பவர்களும் பார்ப்பார்கள். பாதம் அசையாது. எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சை விடுவார்கள். அந்தச் சத்தம் எனக்குத் தாங்கவில்லை. பிறகு முயன்று பார்க்காமலே, "வரல" என்று தலையை ஆட்டிவிடத் தொடங்கினேன். அது எனக்குச் சுலபமாக இருந்தது.

ஐந்தாவது வாரமோ ஆறாவதோ, வயல்களில் கதிர் தலை சாயத் தொடங்கியிருந்தது. அன்று மாமா சுற்ற, டாக்டரம்மா மரப்பிடியை வைத்து வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். பாதம் வழக்கம்போல் எழுந்து எழுந்து இறங்கியது. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த எனக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. அந்த நூல் சுண்டும் நொடியில், அதைப் பிடித்துக்கொண்டு நானும் கூடவே போகலாம்போல் இருந்தது. ஓடுகிற வண்டியின் பின்கட்டையைப் பிடித்துத் தொற்றிக்கொள்வதுபோல. போய்ப் பார்த்தேன். பாதம் இன்னும் நான்கு விரல் மேலே போயிற்று.

"அப்படிப் போடு!" என்றார் மாமா.

எனக்குக் குப்பென்று பயமாகிவிட்டது. ஒன்றும் செய்யாதே, பெட்டி செய்யும் என்று சொல்லியிருந்தார்கள். நான் செய்துவிட்டேன். ஆனால் அன்று மாலை மாமா வாசலில் நின்று, ஊரே கேட்கும்படி, "ஏலே, இன்னைக்கு எம்புட்டு ஒயரம் எழுந்துச்சுன்னு ஒங்க ஆத்தாட்ட சொல்லு! நாஞ் சுத்துன சுத்துல எழுந்துச்சுன்னு சொல்லு!" என்றபோது, அம்மா நிலைப்படிவரை வந்து நின்றாள். பேசவில்லை. ஆனால் வந்து நின்றாள். மாமா சொல்லி முடிக்கும்வரை உள்ளே போகவில்லை.

அதைப் பார்த்த பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. வெள்ளிக்கிழமையும் திருடினேன். அடுத்த செவ்வாயும் திருடினேன். எறும்பு கடித்ததும் பாதத்தை நானே தூக்குவேன். மாமா வெற்றிலை போட்டுக்கொண்டு வண்டி ஓட்டத் தொடங்கியிருந்தார், அதுவும் பாடிக்கொண்டே. நான் பின்னால் படுத்தபடி, இது தெரிந்துவிட்டால் மாமா என்ன ஆவார் என்று நினைத்துக்கொண்டே வருவேன்.

தெரிந்துவிட்டது. அறுப்புக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. டாக்டரம்மா மரப்பிடியை வைத்தார், மாமா சுற்றினார், கைப்பிடியின் கிறீச் சத்தம் கேட்டது, நான் தூக்கினேன். தூக்கிய பிறகுதான் கவனித்தேன். எறும்பு கடிக்கவில்லை.

டாக்டரம்மாவும் எதையோ கவனித்துவிட்டார். குனிந்து பெட்டியின் மறுபக்கத்தைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, சாதாரணமாக, "சுத்துங்கோ" என்றார். மாமா சுற்றினார். தூக்காமல் இருந்தால் மாமா முகம் விழுந்துவிடும். தூக்கினால் இவர் கண்டுபிடித்துவிடுவார். நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். தூக்கினேன்.

"இன்னும் ஒரு வட்டம்."

மறுபடியும் தூக்கினேன்.

டாக்டரம்மா பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு ஒயரின் நுனியை இரண்டு விரலால் எடுத்துக் காட்டினார். திருகு கழன்று, ஒயர் பெட்டியை விட்டுத் தனியாக வந்திருந்தது. அவ்வளவு நேரமும் மாமா சுற்றியதில் என் காலுக்கு ஒன்றும் வரவில்லை.

மாமாவின் கை நின்றது. "அப்ப... எவன் தூக்குனது?"

நான் அழ ஆரம்பித்தேன். "நாந்தான் மாமா. கரண்டு இல்ல. நாந்தான் தூக்குனேன். நாலஞ்சு தடவையா ஏமாத்திட்டேன் மாமா."

என் வாழ்நாளில் அதற்கு முன் அத்தனை சொற்களை ஒருசேரப் பேசியதில்லை. மாமா கைப்பிடியை விட்டார். உட்கார்ந்த இடத்திலேயே துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார். தோள் குலுங்கியது. அவரை நான் அழவைத்துவிட்டேன் என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத்தலைப்பால் துடைத்தார். என் தலையில் கையை வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். பிறகு பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"இனி இவனுக்குப் பெட்டி வேண்டா" என்றார்.

கள்ளத்தனம் செய்தவனுக்கு வைத்தியம் கிடையாது என்று நான் அதைப் புரிந்துகொண்டேன். நியாயமாகத்தான் பட்டது.

திரும்பி வரும்போது மாமா பாடவில்லை. தெருமுனையில் வண்டியை நிறுத்தி, "எறங்கி நட" என்றார். இதுவும் தண்டனைதான் என்று இறங்கி நடந்தேன். அவர் மாட்டைப் பிடித்துக்கொண்டு என் காலையே பார்த்தபடி பின்னால் வந்தார். வாசலில் அம்மா நின்றிருந்தாள்.

"ஏலே, ஒங்க ஆத்தாட்ட..." என்று மாமா ஆரம்பித்தார். மாட்டுக் கயிற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். மறுபடி, "ஏலே..." என்றார்.

அம்மா என்னைத் தாண்டி அவரைப் பார்த்தாள். "என்னடா சொன்னாக?" என்றாள். நேராக அவரிடமே கேட்டாள்.

"பெட்டி வேணாம்னுட்டாகக்கா."

அம்மா அவர் முதுகில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். பிறகு இருவரும் அழுதார்கள். எனக்குப் பெட்டி இல்லாமல் போனதற்காக அழுகிறார்கள் என்று நினைத்து நானும் அழுதேன். அன்று மாமா எங்கள் வீட்டில் சாப்பிட்டார். சாப்பிடும்போது அம்மா என்னிடம், "எங்க, அந்த மாதிரித் தூக்கிக் காட்டுடா" என்றாள். எப்படி ஏமாற்றினேன் என்று செய்துகாட்டச் சொல்கிறாள்போலும் என்று தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டே தூக்கிக் காட்டினேன். அம்மா மாமாவின் தட்டில் இன்னொரு அகப்பை சோறு வைத்தாள்.

பெட்டி போய்விட்டது, என்னால் போய்விட்டது, ஆகவே பெட்டி செய்ய வேண்டிய வேலையை யாருக்கும் தெரியாமல் நான்தான் செய்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். குதிருக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு பாதத்தைத் தூக்கித் தூக்கி இறக்குவேன். காலையில் நூறு, சாயங்காலம் நூறு. நூறுக்கு மேல் எண்ணுவதில் அப்போது எனக்குக் குழப்பம் இருந்ததால் மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பேன்.

அறுப்பு வந்தது. வாய்க்கால் வரப்பின்மேல் கஞ்சிக் கலயத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். விரல் தடுக்கவில்லை. அறுத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். "ஏய், கால் சரியாப்போச்சே!" என்றார்கள். "கரண்டுல எழுப்புன காலு" என்று மாமா பெருமையாகச் சொன்னார். எனக்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்துக் குனிந்துகொண்டேன்.

அந்த வருடம் முழுதும் எனக்குள் அந்தப் பயம் இருந்தது. கால் குணமாகிவிட்டது என்று ஊர் நம்பியது, நான் மட்டும் நம்பவில்லை. ஒவ்வொரு அடிக்கும் பாதத்தை நானேதான் தூக்கி வைக்கிறேன், அது தானாக எழவில்லை, இது ஒருநாள் எல்லாருக்கும் தெரிந்துவிடும் என்று பயந்துகொண்டே பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோனேன். எதிரே வந்த எல்லாரும் அப்படித்தான், அவரவர் பாதத்தை அவரவரே தூக்கி வைத்து, நடந்து வந்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.